சத்தம் மேலே, கோளாறு கீழே

அம்பாசடர் இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. வண்டி ஸ்டார்ட் ஆன சந்தோஷம் அடங்குவதற்குள் இன்ஜினின் உச்சியில் மூடியாக இருக்கும் ராக்கர் கவருக்கு அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அதற்குச் சொல்லப்படும் வைத்தியமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "டேப்பெட் லூசா இருக்கு, டைட் வச்சுக்கலாம்." கவரைக் கழற்றுவார்கள், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜை விடுவார்கள், ஸ்க்ரூவைத் திருகுவார்கள், மூடுவார்கள். கொஞ்ச நாள் அமைதி. அப்புறம் அதே சத்தம்.

டேப்பெட் கேப் வைப்பது, அதாவது வால்வ் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே சரியான இடைவெளி விடுவது, தவறில்லை. ஆனால் அது வரிசையில் கடைசி வேலை. மேலே எண்ணெய் வருகிறதா, கேம் எவ்வளவு தூக்குகிறது, ராக்கர் தேய்ந்திருக்கிறதா, வால்வ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் கேப் வைத்தால் கோளாறு போகாது, சத்தம் மட்டும் குறையும். பழைய இன்ஜினில் கோளாறு இருந்தும் சத்தம் இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

என் வண்டி 1977-ஆம் ஆண்டு மார்க் 3. அதில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். அம்பாசடர் உத்தர்பாராவில் தயாராக ஆரம்பித்தபோது சைடு வால்வ் இன்ஜினோடுதான் (வால்வுகள் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் பழைய வகை) வந்தது. 1959 வாக்கில் அதை மாற்றி, பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரீஸ் இன்ஜினைப் போட்டார்கள். இங்கிலாந்தில் அதே 1489 சி.சி. பிளாக்தான் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. அதன் பெரிய வடிவம், 1798 சி.சி., 1962-இல் வந்த எம்.ஜி.பி.யில் ஏறியது. இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. அம்பாசடருக்கு நல்ல மேனுவல் கிடைக்காதவர்கள் எம்.ஜி.பி. மேனுவலை வைத்துக்கொண்டு இந்த இன்ஜினின் மேல்பாகத்தைப் புரிந்துகொள்ளலாம். எல்லா அளவும் ஒன்றல்ல, ஆனால் அமைப்பு ஒன்றுதான்.

அந்த அமைப்பு என்ன? கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள் ஓடுகிறது. கேமின் முட்டை வடிவ மேடு மேலே வரும்போது அதன் மீது உட்கார்ந்திருக்கும் டேப்பெட்டைத் தூக்குகிறது. டேப்பெட் புஷ்ராடைத் தூக்க, புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ராக்கரின் மறுமுனை வால்வைக் கீழே அழுத்தித் திறக்கிறது. ஐந்து பாகங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எந்த இடத்தில் தேய்ந்தாலும் சத்தம் கேட்பது மேலே, ராக்கர் கவருக்கு அடியில்தான். அதனால்தான் எல்லோரும் மேலேயே தேடுகிறோம்.

எங்கள் வண்டியில் பிளாக் போரிங், கிராங்க் கிரைண்டிங், கேம் புஷ் (கேம் ஷாஃப்ட் சுற்றும் பேரிங் வளையம்) மாற்றுவது, ஹெட்டில் சீட் கட்டிங் (வால்வ் உட்காரும் இடத்தை வெட்டுவது), ஹெட் ஃபேஸிங் (அடிமுகத்தைச் சீவித் தட்டையாக்குவது) எல்லாம் வெளியே ஒரு லேத் பட்டறையில் நடந்தன. கட்டியது கோவையில், எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனின் ஷெட்டில். அம்பாசடர் வேலையிலேயே தலை நரைத்தவர். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அவர் முகம் சுருங்கியது.

"சத்தம் கேக்குதுங்களா தம்பி?"

"கேக்குதுங்கண்ணா. டேப்பெட்டுங்களா?"

"டேப்பெட்டா இருந்தா ஒரு பக்கம் கேக்கோணும். இது ஊரெல்லாம் கேக்குது."

அவர் சொன்னது முக்கியமான விஷயம். கேப் தப்பாக இருக்கும் ஒரு வால்வ் ஒரே இடத்திலிருந்து, சீரான தாளத்தில் தட்டும். கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதிதான் சுற்றுகிறது. அதனால் வால்வ் பக்கத்துச் சத்தம் இன்ஜின் வேகத்துக்குப் பாதித் தாளத்தில் வரும். பிஸ்டனோ கனெக்டிங் ராடோ தட்டினால் தாளம் இரட்டிப்பாக இருக்கும். கொஞ்சம் பழகினால் காது இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். ஆனால் இரண்டு ஏமாற்று வேலைகள் உண்டு. ஒன்று, கேம் ஷாஃப்டிலிருந்தே இயங்கும் பெட்ரோல் பம்ப். அதன் கை தேய்ந்திருந்தால் அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே தட்டும். இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் லீக். வண்டி குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்று வந்து, சூடேறி இரும்பு விரிந்ததும் குறைந்துவிடும். இந்த இரண்டையும் ஒதுக்காமல் ராக்கர் கவரைத் தொடவே கூடாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாலே போதும். பெட்ரோல் பம்ப் என்றால் அந்த இடத்தில் காதில் அறைகிற மாதிரி கேட்கும்.

எங்களுடையது பம்பும் இல்லை, மேனிஃபோல்டும் இல்லை. கவரைக் கழற்றி ஐடிலில் ஓடவிட்டோம்.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். இந்த இன்ஜினில் ராக்கர்களுக்கு எண்ணெய் போகும் வழி சுற்றுவழி. பின்பக்கக் கேம் பேரிங்கிலிருந்து பிளாக்குக்குள் ஒரு துளை வழியாக மேலே ஏறி, ஹெட்டைத் தாண்டி, ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாஃப்டைத் தாங்கும் கால்களில் கடைசியானது, அதாவது கடைசி ராக்கர் பெடஸ்டல், வழியாக உள்ளீடற்ற அந்த ராக்கர் ஷாஃப்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஷாஃப்டின் சின்னத் துளைகள் வழியே ஒவ்வொரு ராக்கருக்கும் கசிகிறது. அதாவது எண்ணெய் பின்னாலிருந்து முன்னால் வருகிறது. வரத்து குறைந்தால் முதலில் காய்வது ரேடியேட்டர் பக்கத்து ராக்கர்கள். எங்கள் வண்டியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. பின்னால் உள்ள ராக்கர்களில் எண்ணெய் மினுங்கியது. முன்னால் வர வர வறண்டது. முதல் இரண்டும் கட்டும்போது நாங்கள் பூசிய எண்ணெயில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்தால் கீழே பிரஷருக்குக் குறையே இல்லை.

இந்த நிலைமைக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லலாம். ராக்கர் ஷாஃப்டுக்குள் பழைய எண்ணெய் கட்டிப்போன கசடு அடைத்திருக்கலாம். ஷாஃப்டின் முனை பிளக்கைக் கழற்றி, கம்பி விட்டுக் கழுவினால் தீரும். கடைசி பெடஸ்டலுக்கு அடியில் ஓட்டையில்லாத ஷிம் (உயரம் கூட்டும் மெல்லிய தகடு) ஒன்றை யாராவது வைத்திருக்கலாம். பெடஸ்டலை உயர்த்த ஷிம் வைப்பது சரியான வேலைதான். ஆனால் எண்ணெய் வரும் பெடஸ்டலுக்கு மட்டும் துளையுள்ள ஷிம் வேண்டும். மூன்றாவது காரணம் யாரும் கேட்க விரும்பாதது: புதிதாக அடித்த கேம் புஷ்ஷில் உள்ள எண்ணெய்த் துளை, பிளாக்கின் துளையோடு நேராக நிற்காமல் விலகியிருப்பது.

பெடஸ்டலைக் கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்த ஹெட்டில் ராக்கர் பெடஸ்டலைப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு வளையும், தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகே ராக்கர் செட்டை எடுக்க வேண்டும். "ராக்கர்தானே" என்று நான்கு நட்டைக் கழற்றிப் போட்டு, பிறகு ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று புலம்பும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஷாஃப்ட் சுத்தமாக இருந்தது. ஷிம் எதுவும் இல்லை. பெடஸ்டல் உட்காரும் இடத்தில் ஹெட்டின் துளை திறந்திருக்க, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். பொங்கி வர வேண்டிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்தது. ஹெட்டையும் கழற்றி, பிளாக்கின் மேல் துளையில் கம்ப்ரஸர் காற்றை விட்டோம். காற்றும் திணறியது. சரி, மூன்றாவது காரணம்தான். இன்ஜினை மறுபடி இறக்கியாக வேண்டும்.

அந்த வாரம் மனசு கனத்துத்தான் கிடந்தது. ஆனால் கேம் ஷாஃப்ட் வெளியே வரப்போகிறது என்பதால், வருவதற்கு முன் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அளந்துவிட முடிவு செய்தோம். பிரித்துவிட்டால் கண்ணால் பார்க்கலாம். ஆனால் வால்வை எவ்வளவு தூக்கியது என்பது எல்லாம் மாட்டிய நிலையில் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு திரும்ப உட்கார வைத்து, ராக்கர் செட்டையும் மாட்டினோம்.

டயல் கேஜ் ஒன்று இரவல் வாங்கினேன். ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் காந்த ஸ்டாண்ட் அதன் மேல் உடும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். கேஜின் முனையை வால்வ் ஸ்பிரிங்கின் மேல் தட்டில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, முன்னால் ஹேண்டில் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் எவ்வளவு நகர்ந்து திரும்புகிறதோ அதுதான் அந்த வால்வின் லிஃப்ட். முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட்; 2, 3, 6, 7 இன்லெட். புத்தக அளவு கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு இன்லெட்டும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும், நான்கு எக்ஸாஸ்ட்டும் அப்படியே. ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதுதான் குற்றவாளி.

எங்கள் இன்லெட்டுகளில் மூன்று கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆறாவது, அதாவது மூன்றாம் சிலிண்டரின் இன்லெட், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைவு. கேப் எட்டு வால்வுக்கும் சரியாக வைத்திருந்த நிலையில் இந்தக் குறைவு. ஃபில்லர் கேஜ் இதை எந்தக் காலத்திலும் காட்டாது. கேம் மேடு பாதி தேய்ந்து போயிருந்தாலும் கேப் பார்க்கும் இடத்தில், அதாவது கேமின் வட்டமான பக்கத்தில், தேய்மானமே இருக்காது. 15 தௌ கேஜ் அழகாக நுழைந்து வெளியே வரும். (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ, 15 தௌ என்றால் 0.38 மில்லிமீட்டர்.)

குறைவு கேமிலா ராக்கரிலா என்று பிரிக்க, கேஜை இடம் மாற்றி, புஷ்ராடு பக்கத்தில் ராக்கரின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ தலையில் வைத்து அளந்தோம். அங்கேயும் ஆறாவது குறைவுதான். ஆக, ராக்கர் நிரபராதி. கேமோ டேப்பெட்டோ தேய்ந்திருக்கிறது.

பிரித்தபோது தெரிந்தது. அந்த டேப்பெட்டின் அடிமுகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருக்கும் டேப்பெட் ஓடும்போது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முகத்தில் மெருகேறிய வட்ட வட்டமான மெல்லிய கோடுகள் இருக்கும். மற்ற ஏழும் அப்படித்தான் இருந்தன. ஆறாவதின் முகத்தில் வட்டம் இல்லை. குறுக்கே ஒரு பள்ளம், அதன் கரையில் பொரிந்துபோன சின்னச் சின்னக் குழிகள். கேமில் அதற்கு நேரான மேடு, உச்சி மழுங்கி, ஒரு பக்க விளிம்பு கூர்மையாக நின்றது. நகத்தால் தடவினால் சிக்கியது. எப்போதோ அந்த டேப்பெட் சுற்றுவதை நிறுத்தியிருக்கிறது. நின்ற இடத்திலேயே கேம் தேய்த்துத் தேய்த்து இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

இப்படி ஒரு டேப்பெட் போனால் டேப்பெட்டை மட்டும் மாற்றி உபயோகமில்லை, கேமை மட்டும் மாற்றியும் உபயோகமில்லை. புதுக் கேமுக்கு எட்டும் புது டேப்பெட் போட வேண்டும். பழைய டேப்பெட் புதுக் கேமைச் சீக்கிரமே தின்றுவிடும். பழைய செட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால் எந்த டேப்பெட் எந்த மேட்டில் ஓடியதோ அதே இடத்துக்கு அது போக வேண்டும். அட்டைப் பெட்டி ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, புஷ்ராடுகளை அதில் நிறுத்துவது எங்கள் வழக்கம். டேப்பெட்டுகள் அந்தந்த எண்ணுக்குக் கீழே. புஷ்ராடை உருவும்போது எண்ணெயின் ஒட்டுதலில் டேப்பெட்டும் கூடவே மேலேறி வரும். புஷ்ராடைச் சற்றுத் திருகி ஆட்டி, டேப்பெட்டை விடுவித்துவிட்டு உருவ வேண்டும். புஷ்ராடு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் போதும்.

பின்பக்கக் கேம் புஷ்ஷும் எதிர்பார்த்தபடியே இருந்தது. துளை பாதிக்கு மேல் மறைந்திருந்தது. அடித்த பிறகு யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. புஷ் மாற்றி, துளையை நேராக நிறுத்தி, ரீமர் போட்டு எடுத்தோம். இன்ஜின் வேலைக்கு வெளியே கொடுப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: பிளாக் திரும்பி வந்ததும், எதையும் மாட்டுவதற்கு முன், மேல் துளையில் காற்று விட்டுப் பின்பக்கப் புஷ்ஷுக்குள் தாராளமாக வருகிறதா என்று பாருங்கள். பிளாக் வெறுமையாக இருக்கும்போது அது ஒரு நிமிட வேலை.

புதுக் கேமை முதல்முறை ஓட்டுவது தனிக் கலை. கேம் மேட்டிலும் டேப்பெட் முகத்திலும் மாலிப்டினம் கலந்த பேஸ்டைத் தாராளமாகப் பூச வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. 2000 சுற்று வேகத்துக்கு ஏற்றி, கொஞ்சம் ஏற்றி இறக்கியபடி 20 நிமிடம் ஓடவிட வேண்டும். மெதுவாக ஓடும்போது கேம் மேட்டுக்கும் டேப்பெட்டுக்கும் இடையே அழுத்தம் அதிகம், கிராங்கிலிருந்து தெறித்து வரும் எண்ணெயோ குறைவு. புதுக் கேம்கள் சாவது பெரும்பாலும் இந்த முதல் அரை மணி நேரத்தில்தான். எண்ணெயும் யோசித்துப் போட வேண்டும். உரசும் முகங்களைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கலவை. பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புது வண்டிகளுக்கான மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். இன்றைய கார்களுக்கு அதனால் நட்டமில்லை. நம் இன்ஜினுக்கு நட்டம் உண்டு. இந்தக் கலவை போதுமான அளவு இருக்கும் 20W-50 எண்ணெயைத் தேடிப் போடுங்கள்.

ராக்கர் கதைக்கு இன்னும் வரவில்லை. ஆறாவது ராக்கர் நிரபராதி என்றேன். முதலாவதும் நான்காவதும் அப்படியில்லை. வால்வ் தண்டின் நுனியை அழுத்தும் ராக்கரின் முகம் காலப்போக்கில் குழி விழும். குழியின் அகலம் தண்டின் அகலம்தான். ஃபில்லர் கேஜ் தகடோ அதைவிட அகலம். தகட்டை உள்ளே விடும்போது அது குழியின் இரு கரைகளிலும் பாலம் போட்டு நிற்கும். தகட்டுக்கு மேலே குழியின் ஆழம் முழுக்கக் காலியாக இருக்கும். கேஜ் 15 தௌ என்று சொல்லும். உண்மையான கேப் 15-உம் குழியின் ஆழமும் சேர்ந்தது. டயல் கேஜை ராக்கரின் வால்வ் முனையில் வைத்து, ராக்கரைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் உண்மை வெளியே வந்துவிடும். அந்த இரண்டிலும் 20 தௌவைத் தாண்டி முள் ஓடியது. ஆனால் ராக்கரைச் செங்குத்தாக மேலே இழுத்தும் பாருங்கள். அப்போதும் முள் ஆடினால் ராக்கர் புஷ்ஷோ ஷாஃப்டோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் கேப்பைக் கணக்குப் போட வேண்டும். ஷாஃப்ட் எப்போதும் அடிப்பக்கம்தான் தேயும்; ராக்கரை நகர்த்திவிட்டு நகத்தை ஓட்டினால் படி தட்டும். ஷாஃப்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. எண்ணெய்த் துளைகள் அப்போது தப்பான பக்கம் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

குழி லேசாக இருந்தால் எண்ணெய்க் கல்லில் பழைய வளைவு கெடாமல் தேய்த்துச் சரிசெய்யலாம். ராக்கரின் மேல் தோல் மட்டும்தான் கடினம். ஆழமாகத் தேய்த்தால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே வந்து சீக்கிரமே மறுபடி குழி விழும். எங்களுடைய இரண்டுக்கும் மாற்று ராக்கர் போட்டோம். சென்னையில் புதுப்பேட்டை இருக்கும்வரை அம்பாசடர்காரர்களுக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. கையோடு ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள்.

கேப் அதிகமானால் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தச் சத்தம் வெறும் சத்தம் இல்லை என்பது விளங்கும். கேம் மேடு எடுத்த எடுப்பில் உயராது. ஆரம்பத்தில் ஒரு மென்மையான சரிவு உண்டு. கேப்பைப் பதமாகத் தின்று, ராக்கரை வால்வின் மேல் மெல்ல உட்கார வைப்பது அந்தச் சரிவின் வேலை. கேப் கூடினால் சரிவு முழுக்க வீணாகக் கழிந்து, மேடு வேகமெடுத்த பிறகுதான் ராக்கர் வால்வைத் தொடும். அதாவது சுத்தியலால் அடிக்கும். மூடும்போதும் அதே வேகத்தில் வால்வ் சீட்டில் வந்து மோதும். மறுபக்கம், கேப் போதாமல் போனால் சத்தமே இருக்காது. ஆனால் சூடேறிய வால்வ் நீண்டு, சீட்டில் முழுதாக உட்காராமல் தொங்கும். எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டோடு ஒட்டியிருக்கும் அந்த நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. ஒட்ட வழியில்லாவிட்டால் விளிம்பு கருகி, ஓரம் உடைந்து போகும். சத்தம் போடும் வால்வ் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். அமைதியாக இருக்கும் வால்வ் ஒரே நெடுஞ்சாலைப் பயணத்தில் எரிந்துவிடும்.

இந்த அமைதிதான் எங்களுக்கு அடுத்த பாடம் ஆனது. எல்லாம் கட்டி முடித்து, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கேப் பார்க்கும்போதெல்லாம் எக்ஸாஸ்ட் நான்கும் குறைந்துகொண்டே வந்தன. தேய்ந்தால் கேப் கூடத்தானே வேண்டும்? கூடவில்லை, குறைந்தது. வெந்நீர் மாதிரி சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதற்கு மூக்கால் அழுதது.

காரணம் பெட்ரோல். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த பிறகு பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்தார்கள். நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வராமல் தடுக்கத்தான் சேர்த்தது. அது எரிந்து எக்ஸாஸ்ட் சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் சீட்டும் நேரடியாக உரசாமல் காத்தது கூடவே கிடைத்த நன்மை. பி-சீரீஸ் ஹெட்டில் சீட் தனி வளையம் இல்லை. ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. அந்தக் காலத்துக்கு அது போதும். இந்தியாவில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுவதைவிட என் ஹெட் தேய்வது மேல், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்தப் படலம் போனதும், சிவக்கச் சூடான வால்வ் ஒவ்வொரு முறை மூடும்போதும் சீட்டோடு நுண்ணிய அளவில் ஒட்டி, திறக்கும்போது துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டு வருகிறது. சீட் குழிந்து, வால்வ் ஹெட்டுக்குள் மேலே மேலே ஏறுகிறது. தண்டின் நுனி ராக்கரை நெருங்குகிறது. கேப் குறைகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும் வண்டியில் இது தெரியவே பல வருடம் ஆகும். சேலம், பெங்களூர் என்று நெடுஞ்சாலையில் மிதிக்கும் வண்டியில் சீக்கிரம் தெரியும்.

இதற்கு ஒவ்வொரு முறையும் கேப்பைத் திறந்துவைத்துக்கொண்டே போவது வைத்தியம் இல்லை. எங்கள் ஹெட்டில் சிக்கல் இரட்டிப்பு. சீட்டைப் புதிதாக வெட்டும்போது வால்வ் ஏற்கெனவே கொஞ்சம் மேலேறிவிட்டது. ஹெட்டின் அடியை ஃபேஸிங் செய்ததில் ஹெட் முழுதும் பிளாக்கை நோக்கி இறங்கிவிட்டது. புஷ்ராடு நீளமானதற்குச் சமம். இரண்டும் ராக்கரை ஒரே திசையில் தள்ளுகின்றன. அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ மேலே ஏறி ஏறி, புஷ்ராடு பக்கம் மறை தீர்ந்துபோகிற நிலைக்கு வந்துவிட்டது. பெடஸ்டலுக்கு அடியில் ஷிம் வைத்து ராக்கர் ஷாஃப்டை உயர்த்தினால் ஸ்க்ரூ பழைய இடத்துக்கு வரும். ஆனால் சீட் தேய்வது நிற்காது.

நிற்க வேண்டுமானால் எக்ஸாஸ்ட் சீட்டுகளைக் குடைந்து எடுத்துவிட்டு, கடினமான உலோக வளையங்களை இறுக்கி உட்கார வைக்க வேண்டும். கோவையில் இதைச் சுத்தமாகச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. நான்கு எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும் போதும். புதுக் காற்றும் பெட்ரோலும் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் இன்லெட் சீட்டுக்கு இந்த ஆபத்து இல்லை. வளையம் போட்டால் வால்வ் தன் பழைய உயரத்துக்கு இறங்கி வந்துவிடும். வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடில் ஆட்டம் இருந்தால் முதலில் கைடு, பிறகு சீட். ஆடும் கைடில் வெட்டிய சீட் வட்டமாக வராது. நீலம் பூசி வால்வைச் சுற்றிப் பார்த்து, சீட் முழு வட்டத்துக்கும் ஒரே அகலத்தில் படிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே வாங்கினோம்.

அதன் பிறகு கேப் வைப்பது. ஒன்பது கணக்கு இந்த இன்ஜினுக்கு அருமையாகப் பொருந்தும். 8-ஆவது வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ அளக்க வேண்டும், 6 திறந்திருக்கும்போது 3-ஐ, 4 திறந்திருக்கும்போது 5-ஐ. எப்போதும் இரண்டு எண்ணின் கூட்டு 9. பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டிலில் சுற்றினால் சிரமமே இல்லை. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் திரும்பும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது. ஹெட் நட்டுகளை 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்கினோம். ஹெட் கேஸ்கட் அமுங்கினால் கேப்பும் மாறும் என்பதால் அன்றே எட்டையும் திரும்ப வைத்தோம்.

இப்போது 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கவரைத் திறக்கிறேன். கேப்பை மாற்றுவதற்கு முன், இருக்கிற அளவை ஒரு நோட்டில் எட்டுக் கட்டம் போட்டு எழுதுகிறேன். இன்லெட் கூடினால் ராக்கர் பக்கம் பார்க்க வேண்டும், எக்ஸாஸ்ட் குறைந்தால் சீட் பக்கம். வளையம் போட்ட பிறகு எக்ஸாஸ்ட் நான்கும் ஒரு தௌ கூட அசையவில்லை. 3-ஆம் எண் வால்வான இன்லெட் மட்டும் இரண்டு தௌ கூடியிருக்கிறது. அடுத்த முறை அந்த ராக்கரைத்தான் முதலில் கழற்றப் போகிறோம்.